மூன்றாவது போல்ட்டுக்கு ஒரு சாண் கீழே

1. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தோழி அவள் அத்தாவின் ஹார்டுவேர் கடை வேனை எடுத்துக்கொண்டு துடியலூர் வந்து என்னை ஏற்றிக்கொண்டாள்.
2. உடுமலைப்பேட்டைக்கு முன்னாலேயே கிளைச்சாலையில் திரும்பி, தென்னந்தோப்பில் வேனை நிறுத்தி, தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டுப் பாறைக்குப் போனோம்.
3. கயிற்றின் ஒரு நுனியை நான் இடுப்பில் கட்டிக்கொண்டேன். மறுபக்கத்தைத் தோழி பிடித்தாள்.
4. முதல் போல்ட்டில் கொக்கி மாட்டிக் கயிற்றைப் போட்டேன்.
5. இரண்டாவதிலும் போட்டேன்.
6. மூன்றாவதுக்குக் கை எட்டவில்லை. ஒரு சாண் குறைந்தது.
7. எட்டுவதற்காக இன்னும் ஒரு கால் மேலே வைத்தேன்.
8. அதற்குப் பிறகு மேலே போகவும் முடியவில்லை, கீழே வரவும் முடியவில்லை.
9. கீழே வந்தேன்.

நான் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். விற்ற பம்பு உடைந்து திரும்பி வந்தால், என்ன நடந்தது என்பதை இப்படித்தான் வரிசை போட்டு எழுத வேண்டும். அபிப்பிராயம் எழுதக் கூடாது. அந்தப் பழக்கத்தில் இதையும் எழுதிப் பார்த்தேன். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் தாளில் இடைவெளியே இல்லை. பாறையில் இருந்தது.

அது பெரிய மலை ஒன்றுமில்லை. தோப்பு முடிகிற இடத்தில் கவிழ்த்துப் போட்ட ஆட்டுக்கல் மாதிரி ஒற்றைக் கருங்கல் பாறை. தெற்குப் பக்கம் படி வெட்டியிருக்கிறார்கள். உச்சியில் சின்னக் கோயில், ஒரு விளக்குக் கம்பம், ஒரு வேப்பமரம். கார்த்திகை நோம்பிக்கு ஊர் முழுக்க அந்தப் படியில் ஏறும். வடக்குப் பக்கம் யாரும் போவதில்லை. அது படியில்லாத சாய்பாறை. எங்களுக்கு அந்தப் பக்கம்தான் வேண்டும்.

எங்கள் என்றால் வாரக் கடைசியில் சேர்கிற சிலர். அந்த வடக்கு வழியைக் கண்டுபிடித்து முதலில் ஏறியவரை நாங்கள் எல்லோரும் அண்ணா என்போம். கல்லூரியில் எனக்கு சீனியர், இப்போது ஈரோட்டில் ஜவுளி வியாபாரம். ஆறடிக்கு மேல் உயரம். மேலே வேப்பமரத்தில் கயிறு கட்டித் தொங்கியபடி போல்ட்டுகளை அடித்ததும் அவர்தான். போல்ட் என்றால் பாறையில் துளை போட்டு இறுக்கிய எஃகு ஆணி, தலையில் ஒரு வளையம். ஏறுகிறவர் வளையத்தில் கொக்கி மாட்டி, கொக்கிக்குள் கயிற்றை விட்டுக்கொண்டு மேலே போவார். விழுந்தால் கடைசியாக மாட்டிய கொக்கிதான் தாங்கும்.

அனுமதி கேட்டுப் போனது நான். என் அம்மாவின் ஊர் அங்கிருந்து பக்கம் என்பதால் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். தோப்புக்காரர் கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். மட்டை முடைந்துகொண்டிருந்தவர் எழுந்திருக்காமலே கேட்டார்.

"எத்தனை ஓட்டைங்க போடுவீங்க?"

"மூணுங்க."

"மூணுன்னா மூணுதானுங்களே?"

"மூணேதானுங்க."

"அப்பறம் நாலாவது வேணும்னு வந்து நிக்கக் கூடாதுங்க அம்மிணி. சாமி பாறைங்க."

நிற்க மாட்டேன் என்று சொன்னேன். எனக்கு அந்த நிபந்தனை பிடித்தும் இருந்தது. அதற்கு முந்தின வருடம் வேறொரு பாறையில் யாரோ உளி வைத்துக் கைப்பிடி செதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள், ஏற முடியாத இடத்தைத் தங்களுக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டு. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில், எங்கள் கூட்டத்துக்கு ஒரு விதி வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்: ஒரு வழியை முதலில் ஏறியவர் எப்படி விட்டாரோ அப்படியே இருக்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது, எடுக்கக் கூடாது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அண்ணாதான் முதலில் கை தூக்கினார்.

வழிகளுக்கு நம்பர் உண்டு. நாலு என்றால் பழகாதவரும் ஏறலாம். ஐந்தில் காலைப் பார்த்து வைக்க வேண்டும். ஆறிலிருந்து ஏ, பி, சி என்று ஒவ்வொரு நம்பரும் பிரியும். முதலில் ஏறியவர் ஒரு நம்பர் சொல்வார். பின்னால் ஏறுகிறவர்கள் சரி என்பார்கள், அல்லது டீக்கடையில் சண்டை போடுவார்கள். இந்த வழிக்கு அண்ணா ஆறு-ஏ கொடுத்தார். சண்டை வரவில்லை. நான் கோயமுத்தூரில் உள்ளரங்குச் சுவரில் ஆறு-பி ஏறிக்கொண்டிருந்தேன். கணக்குப்படி இது எனக்குச் சுலபம். முதலில் வேப்பமரத்திலிருந்து கயிறு போட்டு ஒத்திகை பார்க்கலாம் என்று தோழி சொன்னாள். அப்படிப் பார்த்தால் ஏறியதாகக் கணக்கில் சேராது என்று நான் சொன்னேன்.

இரண்டாவது போல்ட்டுக்கு மேலே செங்கல் அகலத்தில் ஒரு படி, வெளிப்பக்கம் சரிவாக. அதில் நின்று அண்ணா கையை நீட்டினால் மூன்றாவது போல்ட். கொக்கியும் கயிறும் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் அவருக்குக் கடினமான இடம் தொடங்குகிறது. அங்கே விழுந்தாலும் கயிறு அவர் தலைக்கு மேலே இருக்கும். நான் அதே படியில் நின்று கையை நீட்டினேன். விரல் நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு சாண்.

"என்னடி ஆச்சு?" என்றாள் தோழி கீழே இருந்து.

"எட்டல."

"எக்கிப் பாரு."

எக்கினால் குதிகால் எழும்பும். குதிகால் எழும்பினால் ஷூவின் ரப்பர் பாறையில் படுகிற பரப்பு குறையும், சரிவில் அது வழுக்கும். இது முதல் நாள் பாடம். எனவே இன்னொன்று செய்தேன். வலது காலைக் கொண்டைக்கடலை அளவிலான ஒரு புடைப்பின் மேல் வைத்து எழுந்தேன். வலது கை விரல்களுக்கு மெல்லிய ஒரு விளிம்பு கிடைத்தது. இடது உள்ளங்கையைப் பாறையில் அழுத்தினேன். இடது காலுக்கு ஒன்றும் இல்லை, வெறும் பாறை.

போல்ட் இப்போது என் நெற்றிக்கு நேரே இருந்தது. வளையத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த துளைத்தூள்கூடத் தெரிந்தது. அதில் கொக்கி மாட்ட ஒரு கையை எடுக்க வேண்டும். இடது கையை எடுத்தால் கீல் கழன்ற கதவு மாதிரி உடம்பு வெளியே சுழலும். வலது கையை எடுத்தால் மிச்சம் கொண்டைக்கடலைதான்.

எடுக்கப் பார்த்தேன். எடுப்பதற்கு முன்னாலேயே கை திரும்பி வந்துவிட்டது.

அந்த நிலையில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்பதில் எனக்கும் தோழிக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வந்தபோது என் முகத்துக்கு எதிரே பாறை நிழலில் இருந்தது, பிறகு வெயில் உச்சியிலிருந்து வழிந்து என் விரல்களுக்கு வந்தது. அடைபட்டவர்களுக்குச் சுவர் இருக்கும். என்னைச் சுற்றிக் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. ஓரக்கண்ணில் தெரிந்த காற்றாலைகள் எல்லாம் சுற்றின, தென்னை மட்டைகள் ஆடின. அந்த இடத்தில் அசைய முடியாதது நான் ஒருத்திதான்.

பிறகு வலது கெண்டைக்கால் ஆட ஆரம்பித்தது. பயத்தில் கால் தானாகத் துடிக்கும். நாங்கள் அதைத் தறி ஓடுது என்போம்.

"தறி ஓடுதுடி உனக்கு."

"தெரியுது."

"நிறுத்துடி. ஆர்டர் ஒண்ணும் இல்ல."

சிரித்தால் விழுந்துவிடுவேன் என்று சொன்னேன். சிரிக்காமல் சொன்னேன்.

விழுந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதுதான் தொந்தரவு. கயிறு என் இடுப்பிலிருந்து மேலே போகவில்லை, கீழே இரண்டாவது போல்ட்டுக்குப் போனது. அந்த போல்ட்டிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறேனோ, அதற்குக் கீழேயும் அவ்வளவு போவேன். கயிற்றின் இழுவை வேறு. அந்த போல்ட்டுக்குக் கீழே ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருக்கிறது, கட்டில் அகலத்துக்கு. ஏறும்போது அதில் நின்று, வியர்வையில் வழுக்காமல் இருக்கக் கைக்குப் பொடி பூசிக்கொண்டேன். கயிறு இறுகுவதற்கு முன்னால் என் கணுக்கால் அந்தத் திட்டைச் சேரும். எப்படிக் கூட்டினாலும் திட்டுதான் முதலில் வந்தது.

உள்ளரங்கில் விழப் பழகியிருக்கிறேன். அங்கே சுவர் நம் பக்கம் சாய்ந்திருக்கும், விழுந்தால் காற்றில் தொங்குவோம், கொஞ்சம் ஊஞ்சல் ஆடிவிட்டு இறங்கலாம். சாய்பாறையில் விழுவது வேறு. தேங்காய் துருவுகிற மாதிரி பாறை நம்மைத் துருவிக்கொண்டே விடும்.

கீழே பேச்சுக் குரல் கேட்டது. தோப்புக்காரர் வந்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, அந்தப் புள்ள அங்க என்னங்க பண்ணுது?"

"நிக்குதுங்க."

"எப்ப எறங்கும்?"

"அது அதுக்கே தெரியாதுங்க."

கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்திருப்பார். "அக்கட்டால படி இருக்குதுங்களே," என்றார்.

"இருக்குதுங்க."

"ஏணி கொண்டாரட்டுங்களா?"

"உங்க ஏணி பாதிக்குக்கூட வராதுங்க."

"மேல போயி வேப்பமரத்துல கயிறு கட்டி உடட்டுங்களா? நான் கட்டுனா மாடு அறுக்காதுங்க."

"ஆளத் தாங்கற கயிறு அவகிட்டத்தானுங்க இருக்குது. வேற இல்லீங்க."

கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி, நான் இல்லாத இடத்தில் பேசுவதுபோல் இருந்தது. வீட்டில் மலை ஏறப் போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். பொய் இல்லை. அம்மா அந்நேரம் அரிசி பருப்பு சாதம் செய்துகொண்டிருப்பாள். கணுக்கால் உடைந்தால் ஆட்டோ படியில் எப்படி ஏறுவேன் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

வழிகளை வரிசைப்படுத்தினேன். மேலே போவது: கை எடுக்க வேண்டும், எடுக்க முடியாது. இங்கேயே நிற்பது: ஷூவுக்குள் கால்விரல் மரத்துக்கொண்டிருந்தது, வெயிலில் ரப்பர் இளகும். இங்கிருந்து விழுவது: திட்டு. மிச்சம் இருந்தது ஒன்று. வந்த வழியில் இரண்டு கால் வைப்பு கீழே போனால் கயிற்றின் நீளம் குறையும், திட்டுக்கு மேலேயே கயிறு இறுகிவிடும். தரை வரை இறங்க வேண்டாம். விழக்கூடிய இடம் வரைக்கும் இறங்கினால் போதும்.

ஆனால் அந்தச் செங்கல் படி என் வயிற்றுக்குக் கீழே மறைந்திருந்தது. பயத்தில் நான் பாறையைக் கட்டிப்பிடித்திருந்தேன். கட்டிப்பிடித்தால் காலில் பாரம் குறைந்து வழுக்கும், போதாததற்குக் காலும் தெரியாது.

"எனக்குக் கால் தெரியல. சொல்லு," என்றேன்.

"வயித்தப் பாறைல ஒட்டாத மொதல்ல."

ஒட்டியிருந்த வயிற்றை எடுப்பதுதான் அன்றைக்கு நான் செய்ததிலேயே கடினம். ஆறு-ஏ, ஆறு-பி எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது.

"இடது கால். கீழ. இன்னும். இன்னும்டி, ஒரு சாண்."

"இல்ல, முடியல."

"முடியும். முழங்கால மடக்கு. அக்கட்டால வேண்டாம், இக்கட்டால. சித்த உள்ள. அங்கதான். வை."

காலில் படி தட்டுப்பட்டது. வலது கை விரல்களை விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது; தாமாக விட மறுத்தன. வலது காலையும் படிக்குக் கொண்டுவந்தேன். போல்ட் மறுபடி எட்டாத இடத்துக்குப் போயிற்று. அதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது, வெட்கமாகவும்.

"இப்ப விழுந்தா?" என்றாள்.

"இன்னும் ஒண்ணு."

இன்னும் ஒரு கால் இறங்கினேன். அந்த இடத்தில் படி இல்லை, ரப்பரும் பாறையும்தான். கணக்கைத் திரும்பப் போட்டேன். சரியாக இருந்தது.

"போறேன்," என்றேன்.

"போ. புடிச்சிருக்கேன்."

கணக்கு சரியென்று தெரிந்த பிறகும் கை விடவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. எண்கள் சரியாக வந்தால் பயம் போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பயம் தனியாக நின்றது, எண்கள் தனியாக நின்றன. கடைசியில் முடிவெடுத்தது நான் இல்லை, இடது ஷூ. அது வழுக்கியது. காலை அகட்டி, கயிற்றைப் பிடிக்காமல், பாறையைப் பார்த்தபடி சரிந்தேன். உள்ளங்கைகள் இரண்டும் தேய்ந்தன, ஒரு முழங்கால் உரிந்தது. கயிறு இறுகியபோது திட்டு என் ஷூவுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. தோழி முன்னால் இழுபட்டு வந்து பாறையில் மோதி நின்றாள்.

கீழே இறக்கிவிட்டாள். தோப்புக்காரர் இளநீர் வெட்டி வைத்திருந்தார். என் கை நிலைமையைப் பார்த்துவிட்டு, தோழியே அதை என் வாயில் பிடித்தாள்.

"நோம்பிக்கு வாங்க கண்ணு. படி வழியா," என்றார் அவர்.

அடுத்த வாரம் நானும் தோழியும் பேக்கரியில் அண்ணாவைப் பார்த்தோம். கையில் துணி சுற்றியிருந்ததால் தேங்காய் பன்னை இரண்டு மணிக்கட்டாலும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தேன். அவர் உண்மையிலேயே பதறினார். பிறகு, "ஆனா அது ஆறு-ஏ தான் அம்மணி. எல்லாரும் ஏறிட்டாங்களே," என்றார்.

"எல்லாரும்னா யாருங்ணா?"

நாலு பேரைச் சொன்னார். நாலு பேரும் பஸ்ஸில் குனிந்து நிற்கிறவர்கள்.

"பாறை எல்லாருக்கும் ஒண்ணுதானே," என்றார்.

"பாறை ஒண்ணுதாங்ணா. போல்ட் நீங்க வெச்சது."

அவர் டீயைக் கீழே வைத்தார். போல்ட் அடித்த அன்று அந்தப் படியில் நின்று கையை நீட்டி, சுலபமாக எட்டிய இடத்தில் குறி போட்டிருக்கிறார். வேறு எப்படிப் போடுவார். நான் கீழே நின்று, சரிங்ணா, என்றேன். தினமும் கம்பெனியில் சிறிய அளவு, பெரிய அளவு இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று வரைபடம் பார்க்கிறவள், ஒரே ஒரு அளவை வைத்துத் துளை போடச் சம்மதித்தேன். என் கையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

"சரி, உனக்காக நடுவுல ஒரு போல்ட் சேத்தரலாம்," என்றார்.

"மூணு ஓட்டைன்னு சொல்லியிருக்கேன்."

"இதை எடுத்துட்டுக் கீழ அடிப்போம். பழைய ஓட்டையக் கல்லுத் தூள் வெச்சு அடைச்சரலாம்."

அதையும் நான் தோப்புக்காரரிடம் போனில் கேட்டிருந்தேன். "அடைச்சாலும் ஓட்டை ஓட்டைதானுங்க அம்மிணி," என்றிருந்தார். அவர் சொன்ன இன்னொன்றையும் அண்ணாவிடம் சொன்னேன். மூன்றாவது போல்ட்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குச் சங்கிலி தொங்கவிட்டால் கமிட்டிக்கு ஆட்சேபம் இல்லை. தொங்குவது ஓட்டை ஆகாது. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் கொக்கி மாட்டிக்கொண்டால் என் உயரத்துக்கு எட்டும். உயரமானவர்கள் எப்போதும்போல் வளையத்திலேயே மாட்டிக்கொள்ளலாம்.

அண்ணாவுக்கு முகம் மாறியது. "சங்கிலி தொங்குனா அது வேற வழி. நம்பர் மாறிரும். அப்பறம் ஆளாளுக்கு ஒண்ணு தொங்க விடுவாங்க. நீயே சொன்னியே, இருக்கறது இருக்கறபடி இருக்கோணும்னு."

ஆமாம், நான்தான் சொன்னேன். தோழிதான் பேசினாள்.

"உங்களுக்குத் தோள்லயே சங்கிலி தொங்குதுங்ணா. அதுக்கு யாரு நம்பர் கொறைச்சாங்க?"

அவர் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும், "யோசிக்கிறேன்," என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்ற எனக்கென்று ஒரு போல்ட் அடித்துத் தர அவர் தயார். தன் வழி தன்னுடைய கையின் நீளத்துக்கு வெட்டப்பட்டது என்று ஒத்துக்கொள்வதுதான் அவருக்கு முடியவில்லை. அந்தச் சங்கிலி தொங்கினால் பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும்.

எனக்கு இருக்கும் வழிகளை மறுபடி அடுக்கிப் பார்க்கிறேன். அவரைக் கேட்காமல் சங்கிலி மாட்டலாம். அப்படிச் செய்தால் உளி வைத்துச் செதுக்கியவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று நானே கேட்டுக்கொள்வேன். நாலாவது ஓட்டை போடலாம்; வாக்கு நான் கொடுத்தது. வேப்பமரத்திலிருந்து கயிறு போட்டு ஏறலாம். கை ஆறியதும் ஏறியும் பார்த்தேன். முதல் முறையிலேயே போனது. அந்தக் கொண்டைக்கடலையில் நின்று கையை எடுத்தேன், உடம்பு சுழலவில்லை. விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்ததும் அது ஆறு-ஏ ஆகிவிட்டது.

இப்போதைய நிலை இது. பாறையில் ஓட்டை மூன்றுதான். போல்ட்டுகள் அண்ணா வைத்த இடத்திலேயே இருக்கின்றன. போல்ட் எந்த எஃகோ அதே எஃகில், தோழியின் அத்தா கடையில் சொல்லி வரவழைத்த ஒரு சாண் சங்கிலி என் பையில் கிடக்கிறது. அண்ணா இன்னும் பதில் சொல்லவில்லை, நாங்கள் வாராவாரம் சேர்ந்துதான் டீ குடிக்கிறோம். கல்லூரியிலிருந்து பெண்கள் சிலர் அந்தப் பாறைக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தியையும் கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறேன். யாருக்கும் எட்டாது. வேப்பமரத்துக் கயிறு இல்லாமல் அந்த வழியில் நான் இரண்டாவது போல்ட்டுக்கு மேலே போவதில்லை.